ஒன்பதரை விரல்

எண்பத்தைந்து நவம்பர் மழையில் சிட்லபாக்கம் ஏரி எங்கள் வீட்டுக்குள் வந்தது. முன்னறையில் முழங்கால் அளவு, சமையலறையில் அதைவிட நான்கு விரற்கடை கூடுதல். அந்த வீட்டைக் கட்டியவனிடம் சமையலறைத் தரை சரிகிறது என்று நான் அப்போதே சொன்னேன். அவன் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, அப்பாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே இருந்தவற்றைக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் காயவைத்தேன். பதினோரு பொருள்கள். அவற்றில் பத்து அப்பாவுடையவை. பதினொன்றாவது, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பித்தளை வில்லை. ஒரு கவராயமும் அதன் குறுக்கே ஒரு மூலைமட்டமும் சேர்ந்த உருவம். பள்ளிக்கூட ஜாமெட்ரிப் பெட்டியில் இருப்பவைதான்.

பக்கத்து வீட்டுக்காரரும் தன் மாடியில் புத்தகங்களைக் காயவைத்துக்கொண்டிருந்தார். மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் ரொம்ப அளவு. இரண்டு மாடிகளுக்கும் நடுவே மூன்றடி இடைவெளிதான். அவர் எட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"சார், அந்த பேட்ஜ் உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"எங்க தாத்தாவோடது. மலாயாவுலேர்ந்து அனுப்பினது."

"அவர் அங்க என்னவா இருந்தார்?"

"தெரியாது சார். கிளார்க்குன்னு சொல்வாங்க. இது ஏதோ தச்சு வேலைக்காரங்க சங்கம்னு அப்பா சொல்வார். கிறிஸ்தவத்துல சேர்ந்துட்டார், அதோட அடையாளம்னு ஊர்ல சொல்வாங்களாம்."

அவர் தெருவை ஒருமுறை பார்த்தார். தெருவில் தண்ணீரும் ஒரு எருமையும்தான் இருந்தன. "ரெண்டும் இல்ல சார்," என்றார். "இது ஒரு சகோதர சங்கம். அதோட ஒவ்வொரு கிளையையும் லாட்ஜுன்னு சொல்லுவோம். நானும் அதுல மெம்பர்."

பதினான்கு வருடம் பக்கத்து வீடு. மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை சாயங்காலம் கருப்புக் கோட்டு, கையில் தட்டையான ஒரு பெட்டி, தாம்பரத்தில் மின்சார ரயில். இவர் எங்கே போகிறார் என்று எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு முடிவு வைத்திருந்தோம். கீழே வந்து சொன்னதும் என் மனைவி, "அட, நான் இன்ஷூரன்ஸுக்கு ஆள் பிடிக்கப் போறார்னு இல்ல நெனச்சேன்," என்றாள். அவருடைய மனைவி எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். "நீங்களாவது பரவாயில்ல அக்கா. நான் கல்யாணம் ஆன முதல் ரெண்டு வருஷம் சீட்டாட்டம்னு நெனச்சு அழுதுகினு இருந்தேன்," என்றார்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு எண்பத்துநான்கு. ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, மறு கண்ணில் எடுக்கப் பயம். காது மட்டும் குறையே இல்லாதது. என்னைக் கூப்பிட்டு, வில்லையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். அன்றுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

தாத்தா மலாயாவுக்குக் கப்பல் ஏறியபோது அப்பா வயிற்றில் ஆறு மாதம். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேற்கே எங்கள் ஊர். இரண்டு வருடங்களுக்குக் கடிதமும் துணியும் வந்தன. கடைசியாக வந்த பொட்டலத்தில் இந்த வில்லை இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இதுவரை எனக்குத் தெரியும். தெரியாதது மீதி.

"பன்னெண்டு வருஷம் சேதி இல்லன்னா செத்தவன் கணக்குடா. எனக்குப் பதினாலு வயசு. குளத்தங்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. புரச இலைக் காம்பு முந்நூத்தி அறுபது எண்ணிக் கொடுக்கணும்னு ஐயர் சொன்னார். அதுதான் எலும்பு. தலைக்கு நாப்பது, கழுத்துக்குப் பத்து, விரலுக்குப் பத்து, இப்படி. எண்ணினது நான்தான்."

"சரிப்பா."

"என்ன சரி? கேளு. அவருக்கு இடது கை சுண்டு விரல் பாதிதான். சின்ன வயசுல கரும்பு ஆலையில விட்டுட்டார். அம்மா சொல்லியிருக்கா. ஐயர் பத்துக் காம்பு வச்சார். நான் ஒண்ணை எடுத்துப் பாதியா கிள்ளிட்டு வச்சேன். ஐயர் என்னடான்னார். எங்கப்பாவுக்கு ஒன்பதரைதான்னேன். அவரும் சரின்னுட்டார். அப்புறம் கொள்ளி வச்சேன்."

அப்பா வில்லையைக் கையில் புரட்டிக்கொண்டார்.

"சரியா செஞ்சிட்டேன்டா. அதான் பயமா இருக்கு. ஏனோதானோன்னு செஞ்சிருந்தா அது வெறும் தழை. நான் அவரையே செஞ்சு வச்சுக் கொளுத்திட்டேன். அன்னிக்கே அம்மாவுக்குப் பொட்டை அழிச்சாங்க. முப்பத்தொரு வயசு. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். நான் நெருப்பு வச்சப்போ அவர் இருந்தாரா, இல்லையா?"

எழுபது வருடங்களாக இந்த மனிதர் இதைச் சுமந்திருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்தார், எங்கள் ஐந்து பேரையும் படிக்கவைத்தார், எல்லோருக்கும் கல்யாணம் செய்துவைத்தார். ஒவ்வொரு வருடமும் தை அமாவாசை அன்று, இறந்த நாள் தெரியாதவர்களுக்குச் செய்கிற மாதிரி, திதி கொடுத்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து எள்ளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் முகத்தில் எதையும் பார்த்ததில்லை.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவன். ஒரு கேள்வி என்றால் அதற்கு ஒரு பதில் எங்கேயாவது இருக்கும் என்று நம்பிப் பழகியவன். மறுநாளே பக்கத்து வீட்டுக்காரரிடம் போனேன்.

"உள்ள நடக்கறதை நான் சொல்லக்கூடாது சார்," என்று ஆரம்பித்தார்.

"உள்ள என்ன வேணா நடக்கட்டும் சார். அவர் எப்போ செத்தார்னு உங்க ஆளுங்களைக் கேளுங்க. அது போதும்."

"அது கேக்கலாம்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேக்கறது எங்க கடமையும்கூட. ஒரு சகோதரனோட குடும்பம்னா விடமாட்டோம்," என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் இவ்வளவு நெருக்கமாகப் பேசியதில்லை. அவருக்கு நான் திடீரென்று ஏதோ முறையில் உறவுக்காரனாகிவிட்டேன் போலிருந்தது. அது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

பினாங்குக்கு எழுதினார், ஈப்போவுக்கு எழுதினார். பதில் வர வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அப்பா என்னைப் படுத்தியதைச் சொல்லி முடியாது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கட்டிலிலிருந்து குரல் வரும். "வந்துச்சா?" இல்லை என்பேன். "சரியா பாத்தியா?" மின்சாரக் கட்டண அட்டை வந்தாலும் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்ப்பார். ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் தானாகவே சொன்னார்: "காரியம் பண்ணினதுக்கப்புறம் ஆள் திரும்பி வந்துட்டா என்ன செய்யறதுன்னு நான் ஐயரைக் கேட்டேன். புதுசாப் பொறந்தவன் கணக்காம். தொட்டில்லேர்ந்து ஆரம்பிச்சு எல்லாச் சடங்கும் பண்ணணுமாம். பேர் வைக்கணுமாம். அப்புறம் பொண்டாட்டியையே மறுபடி கல்யாணம் பண்ணிக்கணுமாம். நான் அதுக்காக ஒரு நாலஞ்சு வருஷம் காத்திருந்தேன். அப்பாவுக்குப் பேர் வைக்கறது நானாத்தான் இருக்கும்னு." என் மனைவி மோர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எண்பத்தேழில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். பினாங்கிலிருந்து ஒரு சகோதரர் குடும்பத்தோடு கோயில்கள் பார்க்க வந்திருக்கிறார், அவருடைய தகப்பனாரும் என் தாத்தாவும் ஒரே லாட்ஜ், கையில் ஒரு போட்டோ இருக்கிறதாம், நாளைக்கு வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு வருகிறார்கள், அங்கே பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வரச்சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "பதினொரு பேர் சார், குழந்தைங்க புலி பாக்கணும்னு அழுதுங்களாம்," என்றார்.

ஆட்டோக்காரன் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்டியதில் எனக்கு உயிர் போய் வந்தது. கொஞ்சம் மெதுவாகப் போப்பா என்று மூன்றாவது முறை சொன்னபோது, "இன்னா சார், சும்மா பேஜார் பண்ணிகினே வர்றே. மிருகம் இன்னா ஓடியா போவப் போவுது? கூண்டுலதானே கீது?" என்றான். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

பினாங்குக்காரருக்கு அறுபது வயதிருக்கும். பூப்போட்ட சட்டை, கழுத்தில் காமிரா. பக்கத்து வீட்டுக்காரரின் கையைப் பிடித்து அவர் ஒரு தினுசாகக் குலுக்கினார். இருவரும் அரை நொடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என் கையைச் சாதாரணமாகக் குலுக்கினார். முதலைக் குளத்துக்கு எதிரே ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அண்ணே, இதுதான்," என்று ஒரு பெரிய உறையிலிருந்து படத்தை எடுத்தார்.

பதினெட்டுப் பேர். முன்வரிசையில் ஏழு பேர் நாற்காலியில், பின்னால் பதினொரு பேர் நின்றுகொண்டு. எல்லோருக்கும் கருப்புக் கோட்டு, இடுப்பில் ஓரம் வைத்த வெள்ளைத் துணி, கைகளில் வெள்ளைக் கையுறை. ஆறு பேர் வெள்ளைக்காரர்கள், நான்கு பேர் சீனர்கள், மற்றவர்கள் நம்மவர்கள். உட்கார்ந்திருந்த வரிசையில் வலது ஓரத்தில் இருந்தவரை அவர் விரலால் காட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சவரம் செய்துகொள்ளும்போது தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். தலை முழுக்க நரை. முழங்கால்களுக்கு நடுவே கைத்தடி. அறுபதுக்குக் குறையாது.

அப்பா நெருப்பு வைத்தபோது தாத்தாவுக்கு நாற்பதுதான் ஆகியிருக்கும். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. நான் வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்த்தேன். நாற்பதிலேயே சிலருக்கு நரைக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"பின்னால நிக்கிறார் பாருங்க, மீசை இல்லாதவர், அவர்தான் எங்க அப்பா. உங்க தாத்தாவைப் பத்தி நிறையச் சொல்வார்," என்றார் பினாங்குக்காரர். "ரொம்பத் தமாஷான மனுஷனாம். குடும்பம் கிடையாது. கடைத்தெருவுக்கு மேல ஒரு ரூம்ல தனியா இருந்தார். ஊருக்குப் போகலயான்னு எல்லாரும் கேப்பாங்களாம். நான் போனா என்னைப் பாத்து எல்லாரும் ஓடுவாங்கப்பா, என்னை அங்க எரிச்சாச்சு, திதிகூட நடக்குது, அப்படிம்பாராம். ஊர்லேர்ந்து கப்பல்ல வந்த யாரோ சொல்லியிருக்காங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்போலண்ணே. ஒரு தடவை செத்தவனுக்கு இன்னொரு தடவை சாவு கிடையாதும்பாராம். சிரிச்சுக்கிட்டேதான்."

முதலை ஒன்று வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தது. இரண்டு குழந்தைகள் அது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எப்போ இறந்தார்?" என்றேன்.

"அதான் தெரியல. ஜப்பான்காரன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால. அந்தச் சண்டையில லாட்ஜ்ல இருந்த பேப்பரெல்லாம் போயிடுச்சு. இந்த போட்டோ எங்க வீட்டுச் சுவர்ல இருந்ததால தப்பிச்சுது. எங்க வழக்கப்படி மெம்பர் எல்லாரும் அவர் உடம்பு மேல ஆளுக்கு ஒரு பச்சைக் கொம்பு போட்டாங்கன்னு அப்பா சொல்லியிருக்கார். நாளு கேட்டுப் பாக்கறேன். பழைய ஆளுங்க ரெண்டு பேர் இருக்காங்க." பிறகு என் தோளைத் தொட்டு, "படத்தை நீங்க வச்சுக்குங்க. நான் வேற காப்பி போட்டுக்கிட்டேன்," என்றார்.

திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரர், "அப்பாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார். எப்படியும் நான் ஏதாவது யோசித்துவிடுவேன் என்று நினைத்தேன். பெருங்களத்தூர் தாண்டியும் ஒன்றும் தோன்றவில்லை. தாம்பரம் வந்தும் தோன்றவில்லை.

அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காத்திருந்தார். சட்டை போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் சட்டை போடுவதில்லை.

படத்தைக் கையில் கொடுத்தேன். நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

"இதுல எங்க?"

"உக்காந்திருக்கவங்கள்ல கடைசி. வலது பக்கம்."

விரலால் தடவிக்கொண்டே போய் அந்த இடத்தில் நிறுத்தினார். பிறந்ததிலிருந்து பார்க்காத தகப்பன். ரொம்ப நேரம் விரலை எடுக்கவே இல்லை.

"வயசானவரா?"

"போட்டோ பழசுப்பா. சரியா தெரியல."

"விரலை எண்ணு."

"கையுறை போட்டிருக்காரு. எல்லாருமே போட்டிருக்காங்க. அவங்க சங்கத்துல அது வழக்கமாம்."

"கையுறைக்கும் விரல் உண்டு இல்ல? எண்ணு."

வலது கை கைத்தடியின் மேல். அதன் மேல் இடது கை. பெருவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம், நான்கும் துணி நிறைந்து உருண்டையாக இருந்தன. ஐந்தாவது பாதி வரை உருண்டையாக வந்து, நுனிப்பாதி காற்றுப் போனது போல மடங்கித் தொங்கியது. உள்ளே ஒன்றும் இல்லாத துணி. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தேன்.

"தெரியலப்பா," என்றேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "கல்யாணப் பந்தியில எத்தனை இலை விழுந்ததுன்னு சமையக்காரன் உன்னைத்தான் வந்து கேப்பான். ஏரியில எத்தனை கொக்குன்னு எண்ணிட்டு வந்து எனக்குச் சொல்றவன் நீ. அஞ்சு விரலை எண்ணத் தெரியல?"

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். ஏதாவது சொல்லேன் என்று அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"சரி," என்றார் அப்பா. "தெரிஞ்சுபோச்சு."

படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுதால் தண்ணீர் கொடுக்கலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கொள்ளி யார் வச்சா?" என்று கேட்டார்.

"கொள்ளி பத்தித் தெரியல. அவங்க சங்கத்து ஆளுங்க ஆளுக்கு ஒரு பச்சைக் கொம்பு போட்டாங்களாம்."

"எத்தனை பேர்?"

"படத்துல இருக்கவங்கன்னு வச்சுக்கிட்டா, அவர் போக பதினேழு."

"பதினேழு," என்றார். "நான் முந்நூத்தி அறுபது வச்சேன்."

தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நெருப்புக்குப் பயந்துதான் அவர் திரும்பவில்லையா, அல்லது திரும்பாமலிருக்க அது நல்ல சாக்காகப் போயிற்றா? இதைப் பினாங்குக்காரராலும் சொல்ல முடியாது.

அடுத்த தை அமாவாசைக்கு அப்பா திதி கொடுக்க மறுத்துவிட்டார். வந்த ஐயரை வாசலிலேயே நிறுத்தி, "அவர் இன்னும் சாகல," என்றார். ஐயர் என்னைப் பார்த்தார். "பொய் நாளுக்கு நான் எழுபது தடவை செஞ்சாச்சு. உண்மையான நாள் வரட்டும், செய்யறேன்," என்றார் அப்பா. படத்தைக் கூடத்தில் மாட்டச் சொன்னார். மாட்டினேன். மனைவி குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தபோது, கட்டிலிலிருந்தே, "அதுக்குப் பொட்டு வைக்காதேம்மா. நாள் தெரியற வரைக்கும் வைக்காதே," என்றார்.

பினாங்குக்காரருக்கு நான் நான்கு முறை எழுதினேன். இரண்டுக்குப் பதில் வந்தது. பழைய ஆட்களில் ஒருவருக்கு நினைவு தப்பிவிட்டது. இன்னொருவர் மழைக்காலம் என்று மட்டும் சொன்னாராம். அங்கே எந்த மாதத்தில் மழை இல்லை என்று பினாங்குக்காரரே எழுதியிருந்தார். அப்பாவிடம் மழைக்காலம் என்று சொன்னேன். "மழைக்காலம்னா எந்தத் திதி?" என்றார்.

தொண்ணூறில் அப்பா போய்விட்டார். ஐப்பசி, வளர்பிறை சப்தமி. அந்த நாளில் சந்தேகமே கிடையாது; நான் பக்கத்தில் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் காரியத்தில் அப்பாவை அவருக்கு முந்தைய மூன்று தலைமுறையோடு சேர்க்க வேண்டும். ஐயர் மூன்று பெயர்களைக் கேட்டார். முதல் பெயர் தாத்தாவுடையது. உயிரோடிருப்பவர் என்றால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. சொல்லாவிட்டால் அப்பாவைச் சேர்க்க இடமில்லை. ஐயர் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்கோ," என்றார். சொன்னேன். வேறு என்ன செய்வது? கூடத்துச் சுவரை மட்டும் பார்க்காமல் சொன்னேன்.

எனக்கும் எழுபதாகிவிட்டது. அந்தப் படத்தில் இருக்கிறவரைவிட நான் இப்போது கிழவன். பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை. அவரைத் தாம்பரத்தில் அடக்கம் செய்தபோது கருப்புக் கோட்டுக்காரர்கள் வந்து ஆளுக்கு ஒரு பச்சைக் கொம்பைக் குழிக்குள் போட்டார்கள். இருபத்திரண்டு. போட்டு முடித்து அவர்கள் நகர்ந்த பிறகும், எண்ணிக்கை விட்டுப்போயிருக்குமோ என்று நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் படங்களைத் துடைத்துப் பொட்டு வைக்கிறது இப்போது என் வேலை. மனைவிக்கு ஸ்டூலில் ஏறினால் தலை சுற்றுகிறது. அம்மாவுக்கு வைக்கிறேன். அப்பாவுக்கு வைக்கிறேன். மூன்றாவதற்கு வரும்போது விரலில் இன்னும் கொஞ்சம் குங்குமம் மீதி இருக்கும். கீழேயிருந்து மனைவி, "வச்சுட்டுத்தான் இறங்குங்களேன், இன்னும் எத்தனை வருஷம்?" என்பாள். நாள் தெரியாதே என்பேன். "உங்களுக்கு அப்புறம் யார் அதைக் கேக்கப் போறா?" என்பாள். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இறங்குகிறேன்.